கரணமும் கலப்பு மணமும்: திருமணச் சட்டங்களின் போக்குத் தமிழ் இலக்கிய வழி நின்று ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

மணம் இருவர் உள்ளத்து ஒப்பினால் பிறப்பது. ஆயினும் அதனை மணமென ஏற்பதும் அன்றென ஒதுக்குவதும் அவ்விருவர் கையில் இல்லை. ஊரும் குடியும் கோயிலும் அரசும் தத்தம் விதிகளை வகுத்துக்கொண்டு அதன் வாயிலில் நிற்கின்றன. வேறுபட்ட இனத்தாரும் குலத்தாரும் சமயத்தாரும் தம்முள் மணக்க முற்படும்போது இவ்விதிகள் தம் முழு வலிமையையும் காட்டுகின்றன. மேலைநாட்டார் நிறத்தை எல்லையாக வைத்து மணத்தைத் தடுத்தனர். நம் நாட்டார் பிறப்பை எல்லையாக வைத்துத் தடுத்தனர். எல்லைக்கு இட்ட பெயர் வேறு. அதனைக் காத்த முறை ஏறத்தாழ ஒன்றே.

இத்தடை சட்டத்தில் எவ்வாறு தோன்றி எவ்வாறு தளர்ந்தது என்பதனைச் சட்ட நூலோர் எழுதியுள்ளனர். தமிழ் இலக்கியமும் இலக்கணமும் இது பற்றிக் கூறும் சான்றுகளைச் சட்ட வரலாற்றோடு ஒருங்கு வைத்து நோக்கிய ஆய்வு அரிது. அதனை ஒரு சிறிது செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கலப்பு மணத்தை அளக்கும் அளவுகோல்கள் மூன்று. மணப்பவர் யாவர் என்னும் பிறப்பு ஒன்று. எம்முறையால் மணந்தனர் என்னும் கரணம் ஒன்று. யார் அறிய மணந்தனர் என்னும் அலர் ஒன்று. இந்தியச் சட்டம் இவற்றுள் முதலாவதனை 1949இல் நீக்கிற்று. இரண்டாவதனைத் தமிழகம் 1967இல் எளிதாக்கிற்று. மூன்றாவதனை 1954ஆம் ஆண்டுச் சட்டம் விட்டுவைத்தது. விட்டுவைத்த அம்மூன்றாவதே இன்று உயிர்க்கு ஊறு விளைக்கும் வாயிலாக நிற்கின்றது என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. பிறப்பு

தொல்காப்பியக் களவியல், தலைவனும் தலைவியும் ஒத்தவராய் எதிர்ப்படுவர் என்று கூறி, தலைவன் மேம்பட்டவனாயினும் அது விலக்கப்படுவதன்று என்றும் இசைவு தருகின்றது. தலைவி மேம்பட்டவளாயின் என்னும் நிலைக்கு இத்தகைய இசைவு அங்கே இல்லை. ஒப்பின் வகைகளை மெய்ப்பாட்டியல் பத்தாக எண்ணுமிடத்தும் பிறப்பும் குடிமையும் முன்னிற்கின்றன. வடநூலார் அநுலோமம் என்றும் பிரதிலோமம் என்றும் பிரித்துக் கூறும் ஏற்றத்தாழ்வுக்கு ஒப்பானதொரு சாய்வு தமிழிலக்கண நெறியிலும் உண்டென்பது இதனால் பெறப்படும். இரண்டும் ஒன்றே எனக் கூறுதல் மிகை. நால்வருணப் பாகுபாட்டைத் தொல்காப்பியத்துள் பல்லிடத்தும் புகுத்திப் பொருள் கொண்டவர் நச்சினார்க்கினியரே. ஆயினும், ஆடவன் உயர்ந்திருத்தல் அமையும், மகள் உயர்ந்திருத்தல் அமையாது என்னும் கருத்து நூலிலேயே அமைந்து கிடப்பதனை நாம் மறைத்தல் ஆகாது. பண்டைத் தமிழர் மணம் முற்றும் கட்டற்றிருந்தது என்று மேடையிற் கூறுவார் இந்நூற்பாவை ஒருமுறை நோக்குதல் நன்று.

அடியோரையும் வினைவலரையும் தொல்காப்பியம் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்துதலும் ஈண்டு நினையத்தக்கது. பிறர்க்கு ஏவல் செய்து வாழ்வோர்க்கும் கூலித்தொழிலால் வாழ்வோர்க்கும் காதல் உண்டு என நூல் ஒப்புகின்றது. அது கைக்கிளை பெருந்திணைப் பாற்படும் என இடம் குறைக்கின்றது. தன்னுரிமை உடையார்க்கே அறத்தின் வழுவாத காதல் இயலும் என்பது இதற்கு உரையாளர் காட்டும் ஏது. தொழிலால் வாழ்வார் தம் காலத்திற்குத் தாமே உரிமையுடையர் ஆகார் என்னும் உண்மை அவ்வுரையுள் அடங்கியுள்ளது.

சங்கச் செய்யுள் இலக்கணத்தினும் நெகிழ்ந்து நிற்கும். குறுந்தொகை நாற்பதாம் பாட்டு, முன்பின் அறியாத இரு குடியினர் நெஞ்சம் கலந்ததனைப் பேசுமிடத்துப் பிறப்பினை ஆராயவே இல்லை. நற்றிணை நாற்பத்தைந்தாம் பாட்டோ, பரதவர் மகளை விழைந்து வந்த தேர்ச்செல்வனைத் தோழி குறை மறுத்துப் போக்குவதாக அமைந்தது. உயர்ந்தோன் இழிந்தோளை விரும்பலாம் என இலக்கணம் இசைந்த இடத்தில், அவ்விசைவை இழிந்தோளின் தோழி ஏற்க மறுக்கின்றாள். உயர்ந்தோன் அருளால் வரும் ஒப்பு ஒப்பாகாது என்னும் மான உணர்ச்சி அப்பாட்டின் உயிர்நிலை.

பிற்காலத்தார் இச்சிக்கலைத் தீர்க்க ஒரு சூழ்ச்சி கண்டனர். அதனைப் பிறப்பு மறைத்தல் எனப் பெயரிடலாம். பரிபாடல் ஒன்பதாம் பாட்டில் வள்ளி குறமகளாகவே நின்று களவு மணத்தின் சிறப்புக்குச் சான்றாகின்றாள். காஞ்சிக் குமரகோட்டத்தோடு தொடர்புடைய கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணத்திலோ அவள் முற்பிறப்பில் திருமாலின் மகள். மானின் வயிற்றில் தோன்றிக் குறவர் குடியில் வளர்ந்தவள். வளர்ந்த குடி தாழ்வு, பிறந்த குடி உயர்வு என்றவாறு. கலப்பு மணத்தின் இனிமையைக் காவியம் துய்த்துக்கொள்கின்றது. கலப்பு நிகழவில்லை எனவும் நிறுவிவிடுகின்றது. சீபெரும்புதூரில் தோன்றிய இராமாநுசரோடு இயைத்துக் கூறப்படும் மேல்கோட்டைத் துலுக்க நாச்சியார் வரலாற்றில் பிறப்பு மறைக்கப்படவில்லை. அவள் முகமதிய அரசன் மகளாகவே கூறப்படுகின்றாள். ஆயின் அவள் இறைவன் திருமேனியில் கலந்து மறைகின்றாள். மனை புகுந்து வாழும் உரிமை அவளுக்கு அளிக்கப்படவில்லை. வேற்றுக் குலத்தவளை ஏற்பதாயின், ஒன்று அவள் பிறப்பு மாறவேண்டும். அன்றேல் அவள் உடம்பு மறையவேண்டும் என்பது இவ்விரு கதைகளின் உள்ளுறை.

ஆங்கில ஆட்சியின் நீதிமன்றங்களும் இதனை ஒத்த சூழ்ச்சியையே கையாண்டன. தமிழகத்துச் சமீன் குடும்ப வழக்கொன்றில் 1869ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சில், வேறுபட்ட சாதியினராகிய இருவரது மணம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அதற்குக் காட்டிய காரணம் என்னை? இரு சாதியும் சூத்திர வருணத்தின் உட்பிரிவுகளே ஆதலின் அம்மணம் விலக்கப்பட்டதன்று என்பது. மணம் பிழைத்தது, ஆனால் தமிழ்ச் சாதிகள் அனைத்தையும் வடநூல் வருணப் பெட்டிக்குள் அடைத்த பின்னரே பிழைத்தது. காவியம் வள்ளியின் குலத்தை உயர்த்தி மணத்தைக் காத்தது. நீதிமன்றம் இரு குலத்தையும் தாழ்த்தி மணத்தைக் காத்தது.

இப்பிறப்பளவையை முற்றும் அகற்றியது 1949ஆம் ஆண்டின் இந்து மணங்கள் செல்லுபடிச் சட்டம். மணமக்கள் வேறு சாதியினர், வேறு உட்பிரிவினர் என்னும் காரணம் ஒன்றானே இந்துக்களின் மணம் செல்லாததாகாது என்றும், முன் நிகழ்ந்த மணங்கட்கும் இவ்விதி பொருந்தும் என்றும் அது கூறிற்று. அதே 1949ஆம் ஆண்டில்தான் தென்னாப்பிரிக்கா, வெள்ளையர்க்கும் பிறர்க்கும் இடையே மணத்தைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. ஆங்கு வாழ்ந்த தமிழர் அச்சட்டத்தால் தடுக்கப்பட்டார் வரிசையில் நின்றனர். அது நீக்கப்பெற்றது 1985ஆம் ஆண்டிலேயே. ஒரே ஆண்டில் ஒரு நாடு எல்லையை அழித்தது. மற்றொரு நாடு எல்லையை எழுதியது. காலம் செல்லச் செல்லச் சட்டம் தானே அறம் நோக்கி வளரும் என்னும் நம்பிக்கை இவ்வொப்பீட்டின் முன் நில்லாது.

ஆடவன் வழிச் செல்லும் சாய்வு தமிழர் சட்டங்களிலும் எழுத்து வடிவம் பெற்றதுண்டு. யாழ்ப்பாணத்து மண உரிமைகள் பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆடவனை மணப்பின், அம்மணம் நிலைக்குங்காறும் அவள் தேசவழமைக்குப் புறம்பாவாள் என விதித்தது. தேசவழமைக்குரிய ஆடவன் வேற்றுப் பெண்ணை மணந்தாலோ அவளும் அவ்வழமைக்குள் வருவாள். தொல்காப்பியர் கண்ட அதே சாய்வு இருபதாம் நூற்றாண்டுச் சட்ட ஏட்டிலும் தோன்றுதல் வியப்பன்று, வருந்தத்தக்கது.

3. கரணம்

பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது எனத் தொல்காப்பியக் கற்பியல் கூறும். சடங்கு மணத்தின் உயிர் அன்று, மணத்தை மறுத்துரைப்பாரைக் கட்டுப்படுத்தும் சான்று என்பது இதன் கருத்து. கரணம் வகுத்தோரை இருடிகள் என உரையாளரும், குடிமுதியோர் என இக்காலத்தார் பலரும் கொள்வர். யாராயினும் ஆகுக, கரணத்திற்கு ஒரு தொடக்கம் உண்டென்று நூல் ஒப்புவதே நமக்கு வேண்டுவது. தொடக்கம் உடையதற்கு மாற்றமும் உண்டு. மேலோர்க்கு வகுத்த கரணம் கீழோர்க்கும் ஆகிய காலம் உண்டு என மற்றொரு நூற்பா கூறுதலும் இம்மாற்றத்தைக் காட்டும். அகநானூற்று எண்பத்தாறாம் பாட்டும் நூற்று முப்பத்தாறாம் பாட்டும் காட்டும் மணங்களில் தீ வலம் இல்லை, மறையோன் இல்லை. சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலில் இரண்டும் உண்டு.

இவற்றினும் சிறந்த சான்று ஒன்று உளது. கொடுத்தற்கு உரியோர் கொடுப்பக் கொள்வது கற்பு என விதித்த தொல்காப்பியர், அடுத்து, கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு, இருவரும் உடன்போகிய காலத்து என்கின்றார். பெற்றோர் இசைவின்றி நிகழ்ந்த மணமும் மணமே. கரணம் உண்டாயின் கற்பே. தமிழிலக்கணத்துள் சட்ட நோக்கில் மிக ஆழமான விதி இதுவே என்று கூறின் மிகையாகாது.

இவ்விதியை மறந்த காலத்தின் அவலத்தைப் பாரதியாரின் ‘சந்திரிகையின் கதை’ காட்டுகின்றது. அவர் 1921இல் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்ற இந்நாவலில் இரண்டு சீர்திருத்த மணங்கள் உண்டு. கைம்பெண்ணாகிய விசாலாட்சியின் மறுமணம் ஒன்று. அந்தணராகிய கோபாலய்யங்கார், வீரேசலிங்கம் பந்துலு வீட்டுப் பணிப்பெண்ணும் இடையர் குலத்தவளுமாகிய மீனாட்சியை மணப்பது மற்றொன்று. திறனாய்வாளர் இவ்விரண்டனையும் ஒருதன்மையவாகக் கொண்டு பாரதியாரின் சீர்திருத்த ஆர்வத்திற்குச் சான்று காட்டி அமைவர். சட்ட நோக்கில் இரண்டும் ஒருதன்மையன அல்ல. கைம்பெண் மறுமணத்தை 1856ஆம் ஆண்டுச் சட்டமே செல்லத்தக்கதாக்கிவிட்டது. அதற்கு வேண்டியது துணிவு. கலப்பு மணத்திற்கோ துணிவு மட்டும் போதாது. 1872ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் ஒன்றே அதற்கு வழி. பிரம சமாசத்தார் வேண்டுகோளால் தோன்றிய அச்சட்டத்தின் கீழ் மணப்போர், தாம் இந்து சமயத்தையோ கிறித்துவத்தையோ இசுலாத்தையோ பிற குறிக்கப்பட்ட சமயங்களையோ தழுவியவர் அல்லர் என்று உறுதி கூறவேண்டும். சமயத்தைத் துறந்தாலன்றிக் காதலியை மணத்தல் இயலாது. பாரதியார் இம்மணத்திற்குப் பிரம சமாசச் சூழலைத் தேர்ந்தது கதைச் சுவை கருதி மட்டும் அன்று. அக்காலச் சட்டம் திறந்து வைத்த வாயில் அது ஒன்றே என்பதனாலும் ஆம். சமயத்தைத் துறவாமல் இவ்வாறு மணக்கும் உரிமையை இந்துக்கட்கு 1923ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்தது. அதுவும் கூட்டுக் குடும்பத்தினின்று பிரித்துவிடும் தண்டனையோடு அளித்தது. அத்திருத்தத்தைக் காணப் பாரதியார் இலர்.

புதுமைப்பித்தன் ‘கோபாலய்யங்காரின் மனைவி’ என்னும் சிறுகதையில் இவ்விணையரின் பிற்கால வாழ்வை எழுதினார். மணம் முடிந்த இடத்தில் பாரதியாரின் ஆர்வம் நிறைவு பெறுகின்றது. புதுமைப்பித்தனின் ஐயம் அவ்விடத்தில் தொடங்குகின்றது. அடுக்களையிலும் உணவிலும் பேச்சிலும் எக்குலத்தின் வழக்கு எக்குலத்தின் வழக்கை வெல்லும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. அங்கதச் சுவை மிக்க அக்கதையைச் சாதிப் பழக்கங்கள் பற்றிய நகையாடல் என மட்டும் கொள்ளுதல் குறைவுடைத்து. சட்டத்தின் கை வீட்டு வாயிலோடு நின்றுவிடும். அதன் பின்னர் நிகழும் நாள்தோறும் ஆகிய உடன்படிக்கைக்குச் சட்டம் இல்லை என்பதே அக்கதை உணர்த்தும் பொருள். அவ்வகையில் அது பாரதியாருக்கு மறுப்பு அன்று, நிறைவுரை.

இதே காலத்தில் கரணம் பற்றிய வழக்கு நாட்டு மன்றத்திற்கு வந்தது. 1928ஆம் ஆண்டு அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த மணத்தோடு சுயமரியாதைத் திருமணம் பரவலாயிற்று. அடுத்த ஆண்டு பெப்ருவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, மகளிர் தம் துணைவரைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை வலியுறுத்தித் தீர்மானம் இயற்றியது. சீபெரும்புதூர் வட்டம் அந்நாளில் அச்செங்கற்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. தீர்மானம் உண்டு, சட்டம் இல்லை. 1953ஆம் ஆண்டில் தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், உரிய சடங்கின்றி நிகழ்ந்த அத்தகைய மணம் சட்டப்படி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கான இல்லறங்களின் மேல் ஐயத்தின் நிழல் வீழ்ந்தது. அகநானூற்றுக் காலத்தில் தீயும் மறையோனும் இன்றி நிகழ்ந்த மணம் கற்பு. அதன் வழித்தோன்றல் செல்லாமணம் என்றாயிற்று.

பாரதிதாசன் 1937இல் வெளியிட்ட ‘புரட்சிக்கவி’ இவ்விடத்து நினைக்கத்தக்கது. பில்கணீயக் கதையைத் தழுவிய அந்நூலில் உதாரன் என்னும் கவிஞனும் அமுதவல்லி என்னும் அரசமகளும் காதலிக்கின்றனர். அரசன் கொலைத் தண்டம் விதிக்கின்றான். பழங்கதையில் அரசன் மனம் மாறி மணம் முடித்துவைத்தல் உண்டு. பாரதிதாசன் அம்முடிவை ஏலாது, மக்கள் எழுச்சியால் கோன்மையே மாறுவதாக முடித்தார். தண்டித்தவன் மன்னித்தலால் தண்டிக்கும் உரிமை அழிவதில்லை. விதியே மாறவேண்டும் என்பது அம்முடிவின் கருத்து.

விதி மாறியது முப்பது ஆண்டு கழித்து. அண்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில் இயற்றப்பட்டது 1967ஆம் ஆண்டின் இருபத்தொன்றாம் சட்டம். அது 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்துள் 7-அ என்னும் பிரிவைப் புகுத்தியது; 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகக் கூறுதல், அல்லது மாலை மாற்றுதல், அல்லது மோதிரம் அணிவித்தல், அல்லது தாலி கட்டுதல் போதும் என்பது அப்பிரிவு. முன் நிகழ்ந்த சுயமரியாதைத் திருமணங்களும் இதனால் செல்லுபடி ஆயின. அமெரிக்க உச்ச நீதிமன்றம் லவ்விங் எதிர் வர்சீனியா வழக்கில், அப்போது பதினாறு மாநிலங்களில் நின்ற நிறவேற்றுமை மணத்தடையை அழித்ததும் அதே 1967ஆம் ஆண்டு சூன் திங்களிலேயே.

7-அ பிரிவைச் சொல் நோக்கி ஆராயின் இரண்டு செய்திகள் புலப்படும். ஒன்று, நண்பர் என்னும் சொல். கொடுத்தற்கு உரிய பெற்றோரை அப்பிரிவு நாடவில்லை. உறவினரோடு நண்பரையும் பிறரையும் சமமாக வைக்கின்றது. அகப்பாட்டில் அறத்தொடு நிற்பவள் தோழி. அத்தோழிக்குச் சட்டத்தில் கிடைத்த இருக்கை இது எனலாம். கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டு என்ற தொல்காப்பிய விதி மீண்டும் உயிர் பெற்றதும் இங்கேயே. மற்றொன்று, விளங்கும் மொழி. சடங்கின் மொழி மணப்போர்க்கு விளங்கவேண்டும் என்பது வடமொழி மந்திரத்தை எண்ணி எழுதியது. இன்று அச்சொல்லுக்குப் புதியதொரு பொருள் நேர்ந்துள்ளது. அதனை அடுத்துக் காண்போம்.

4. அலர்

சீபெரும்புதூரும் இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் வல்லம் வடகாலும் சேர்ந்த தொழிற்பரப்பு, கார், கைப்பேசி, கண்ணாடி முதலியன செய்யும் ஆலைகளால் நிறைந்தது. தமிழகத்தின் பல மாவட்டத்து இளைஞரும் மகளிரும், ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலத்தாரும் ஈண்டு ஒரே ‘ஷிப்டில்’ வேலை செய்து, ஒரே கம்பெனிப் பேருந்தில் செல்கின்றனர். மகளிர் தங்குவதற்கென வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குறிஞ்சித் தலைவி தினைப்புனம் காத்ததும் தொழிலே. களவு தொழிற்களத்தில் தோன்றிற்று; தினை முற்றியதும் இற்செறிப்பு வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஊருக்கு அழைக்கப்படும் இன்றைய தொழிற்பெண் அத்தலைவியின் நிலையினின்று வெகுதொலைவில் இல்லை. வினைவலரின் காதலைத் திணைக்குப் புறத்தே வைத்த இலக்கணத்தை இப்பரப்பு தலைகீழாக மாற்றுகின்றது. ஈண்டு தலைமக்களே வினைவலர்.

ஒரு தமிழ்ப் பெண்ணும் ஓர் ஒடிய இளைஞனும் இங்கே மணக்க விரும்பின், இருவரும் இந்துக்களாயின் 7-அ அவர்கட்கு உதவும். அவர்க்குள் விளங்கும் மொழி எது? ஆலையில் கற்ற அரைகுறை இந்தியோ, அரைகுறைத் தமிழோ ஆகலாம். வடமொழியை விலக்கற்கு எழுதிய தொடர் இன்று இருமொழியாளர்க்கும் இடம் தருகின்றது. இயற்றியவர் கருதாத பொருளைக் காலம் கண்டு தரும் இயல்பு செய்யுட்கேயன்றிச் சட்டத்திற்கும் உண்டு போலும்.

இருவருள் ஒருவர் இந்து, ஒருவர் முகமதியர் எனின், தத்தம் சமயத்தை விடாது மணத்தற்கு உரிய வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அச்சட்டம் சமயத்தைத் துறக்குமாறு கேட்பதில்லை, சடங்கினையும் கேட்பதில்லை. அது கேட்பது அறிவிப்பு. இருவருள் ஒருவரேனும் முப்பது நாள் வாழ்ந்த மாவட்டத்துத் திருமண அலுவலரிடம் அறிவிப்புத் தரவேண்டும்; அது அலுவலகத்தில் எல்லாரும் காணுமிடத்து ஒட்டப்படும்; முப்பது நாளுக்குள் யாரும் தடை கூறலாம். அவ்வளவோடு அமையவில்லை. மணப்பவர் அம்மாவட்டத்து நிலையான குடியினர் அல்லராயின், அறிவிப்பின் படி அவர் சொந்த மாவட்டத்து அலுவலர்க்கும் அனுப்பப்பட்டு அங்கும் ஒட்டப்படும் என ஆறாம் பிரிவு விதிக்கின்றது. ஒரகடத்தில் வாழும் தொழிலாளர் பெரும்பாலார்க்குச் சொந்த மாவட்டம் வேறு. ஆகவே இவ்விதியின் முழுச் சுமையும் இத்தகைய தொழிற்பரப்பின் மக்கள் மேலேயே வீழ்கின்றது. பெற்றோர் ஊரில் நிலைத்து வாழ்வாரைப் பார்க்கிலும், பிழைப்புக்கு ஊர் பெயர்ந்தாரையே அது மிகுதியும் காட்டிக்கொடுக்கும்.

அகப்பொருளில் இதற்குப் பெயர் அலர். களவு வெளிப்பட்டு ஊர் தூற்றுதல் அது. ஆயின் அகத்தின் அலர் இருமுனை உடையது. அது தலைவியை வருத்தும். அதே பொழுது வரைவை விரைவிக்கும். இற்செறிப்பும் உடன்போக்கும் வரைவும் அதன் பயன்கள். அலருக்குப் பின் கொலை நிகழ்ந்ததாக அன்பின் ஐந்திணைப் பாட்டுக் கூறுவதில்லை. உடன்போக்கில் சென்றாளைத் தேடிச் செல்லும் செவிலியைக் கலித்தொகை ஒன்பதாம் பாட்டில் எதிர்ப்பட்ட அந்தணர், அவள் சென்ற வழி அறத்தின் வழியே எனத் தெளிவித்து மீட்கின்றனர். இன்று பெற்றோர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றம் செல்கின்றனர். வயது வந்தாள் தன் விருப்பால் சென்றாள் எனின் நீதிமன்றமும் அவ்வந்தணர் கூறியதனையே கூறுகின்றது. வேறுபாடு யாதெனில், அக்காலச் செவிலி கேட்டு மீண்டாள். இக்காலத்துச் சுற்றம் எல்லாம் மீள்வதில்லை.

2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நிகழ்ந்த கொலையைத் தமிழகம் மறந்திலது. 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமே தமிழகத்தை நோக்கிக் கடுமொழி கூற நேர்ந்தது. 2013இல் வெளிவந்த பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ இந்நிலைக்கு இலக்கியச் சான்று. நகரத்தில் வேலை செய்யுமிடத்தில் தோன்றிய காதல், கணவனின் சிற்றூருக்கு வந்து அழிகின்றது. சாதிப் பெயர் ஒன்றும் அந்நாவலில் கூறப்படவில்லை. இதனை ஆசிரியரின் எச்சரிக்கை எனக் கொள்வாரும் உளர். இவ்வாய்வின் நோக்கில் அதற்கு வேறு பொருள் உண்டு. பெயர் கூறாத இடத்தும் ஊர் தன் பகையை அறிந்து செயல்படுகின்றது. 1949இல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்ட பிறப்பளவை, பெயரின்றியே அலரின் வழி ஆட்சி செய்கின்றது. வாழும் நகரம் காக்கின்றது. பிறந்த ஊர்க்குச் செய்தி போதல் கொல்கின்றது. ஆறாம் பிரிவின் விளைவும் இதுவே அன்றோ?

2024 சூனில் மற்றொரு செய்தியும் வெளிவந்தது. சீபெரும்புதூரை அடுத்த ஆலையொன்றில் மணமான மகளிர் வேலைக்குக் கொள்ளப்படுவதில்லை எனச் செய்தியாளர் எழுத, ஒன்றிய அரசின் தொழிலாளர் அமைச்சகம் மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. மணம் வெளிப்படின் ஊரில் உயிர்க்கு அச்சம். ஆலையில் வேலைக்கு அச்சம் என்னும் நிலை ஒரு பெண்ணுக்கு நேருமாயின், கற்பாக மலரவேண்டிய காதல் களவிலேயே நின்று தேயும்.

நீதிமன்றங்கள் இவ்விடர்ப்பாட்டை உணரத் தலைப்பட்டுள்ளன. 2021 சனவரியில் அலகாபாத்து உயர்நீதிமன்றம், சிறப்புச் சட்ட அறிவிப்பை வெளியிடுதல் மணப்போரின் விருப்பத்தைப் பொறுத்தது எனக் கூறிற்று. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 7-அ பிரிவின் மணம் பொதுமக்கள் அறியப் பலர் கூட நிகழவேண்டும் என்பதில்லை எனத் தீர்ப்பளித்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுக் கருத்தை மாற்றியது. குடும்ப எதிர்ப்பால் அஞ்சி நிற்போர் ஊரறிய மணத்தல் எங்ஙனம் என்பதே அத்தீர்ப்பின் உட்கிடை. இந்தியச் சட்ட ஆணையத்தின் 242ஆம் அறிக்கை 2012இலேயே இத்தகைய மணங்களில் தலையிடுவாரைத் தண்டிக்கத் தனிச்சட்டம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தமிழகத்திலும் ஆணவக்கொலையைத் தடுக்கும் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஆணையம் ஒன்று அமைக்கப்படும் என 2025 அக்டோபரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

5. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. கலப்பு மணத்தைத் தடுத்த பிறப்பளவை தமிழிலக்கணத்திலும் வடநூல் வழிச் சட்டத்திலும் ஆடவன் சார்பான சாய்வோடு நின்றது. இலக்கியம் அதனை எதிர்த்தும் பிறப்பு மறைத்து ஒளித்தும் வந்தது. கரணம் பற்றிய விதியில் தொல்காப்பியம், இடைக்காலச் சடங்கு நெறியினும் நெகிழ்ந்த கருத்துடையது. 1967ஆம் ஆண்டுச் சட்டம், அறிந்தோ அறியாமலோ, அவ்விதிக்கு மீண்டது. அலர் மட்டும் பழைய பயனை இழந்து புதிய கொடுமையை ஏற்றுள்ளது. அகப்பாட்டில் வரைவுக்கு வாயிலாக இருந்த அலரைச் சிறப்புத் திருமணச் சட்டம் அரசாங்கச் சுவரில் ஒட்டிவைத்துள்ளது.

பொய்யும் வழுவும் தடுத்தற்கே கரணம் வேண்டும் என்பது நூலின் கொள்கை. மணமானவர் மீண்டும் மணத்தல், வயது வாராதவர் மணத்தல் ஆகிய பொய்யையும் வழுவையும் தடுக்கப் பதிவேடும் சான்றும் போதும், ஊர் வேண்டுவதில்லை. ஆகலின் ஆறாம் பிரிவின் அறிவிப்பைச் சொந்த மாவட்டத்துக்கு அனுப்பும் விதி நீக்கத்தக்கது என்பது, சட்ட நூலார் கூறும் காரணங்களோடு, தமிழ் மரபு தரும் காரணமும் ஆகும். கலப்பு மணம் மரபுக்கு மாறு என்று கூறுவோர் மரபை முழுதும் கற்றிலர். கொடுப்போர் இல்வழியும் கரணம் உண்டு என்று கூறியதும் மரபே. உடன்போகியோர் வழி அறவழி என்று செவிலிக்குத் தெளிவித்ததும் மரபே. இவ்விரு சான்றுகளையும் தமிழ் கற்போர் வகுப்பறையில் இலக்கணமாக மட்டும் ஓதி அமையாது, நாட்டு மன்றத்திலும் எடுத்துரைத்தல் கடன் என்க.